தீண்டிய கரங்கள்

1897ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புனே நகரத்தை அச்சம் சூழ்ந்திருந்தது. முந்தைய ஆண்டு செப்டம்பரில் பம்பாயில் தலைகாட்டிய பிளேக் என்னும் கொள்ளைநோய், சில மாதங்களுக்குள் புனேவை எட்டிவிட்டது. கடுங்காய்ச்சலும், அக்குளிலும் தொடையிடுக்கிலும் எழும் நெறிக்கட்டிகளும் அதன் அறிகுறிகள். நோயை உண்டாக்கும் நுண்ணுயிரி 1894இல் ஹாங்காங்கில் கண்டறியப்பட்டிருந்தது. எனினும் எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சி வழியாக அது மனிதரை அடைகிறது என்பது அன்று உறுதிப்படவில்லை. ஹாஃப்கின் என்னும் அறிவியலாளர், தாம் உருவாக்கிய தடுப்பூசியை அவ்வாண்டு ஜனவரியில்தான் பம்பாயில் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்திருந்தார். எளிய மக்களின் கைக்கெட்டும் மருந்து ஏதும் இல்லை. வழியுள்ளோர் ஊரைவிட்டு வெளியேறினர்.

வெளியேறாமல் நோயாளிகளைத் தேடிச் சென்றவர் சாவித்திரிபாய் பூலே. அப்போது அவருக்கு அகவை 66.

பெண்கல்வியின் முன்னோடி, இந்தியாவின் முதல் பெண் ஆசிரியர்களுள் ஒருவர் என்றே சாவித்திரிபாயைப் பலரும் அறிவர். 1831 ஜனவரி 3 அன்று சாத்தாரா மாவட்டத்து நாய்காவ் என்னும் சிற்றூரில் பிறந்த அவர், ஒன்பதாம் அகவையில் ஜோதிராவ் பூலேவை மணந்தார். திருமணத்துக்குப் பின்னரே எழுத்தறிந்தார். 1848இல் புனேயில் கணவருடன் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கிக் கற்பிக்கச் சென்றபோது, வழியில் அவர்மீது சேறும் சாணமும் வீசப்பட்டன. மாற்றுச் சேலை ஒன்றை உடன் எடுத்துச் சென்று, பள்ளியில் உடுத்திக்கொண்டு பாடம் நடத்தினார். தாழ்த்தப்பட்டோர்க்குத் தம் வீட்டுக் கிணற்றைத் திறந்துவிட்டனர் அவ்விணையர். ஆதரவற்ற கைம்பெண்கள் அச்சமின்றி மகப்பேறு காண ஓர் இல்லமும் நடத்தினர். அத்தகைய தாய் ஒருத்திக்குப் பிறந்த யஷ்வந்தைத் தம் மகனாகவே ஏற்று, மருத்துவம் படிக்கவைத்தனர்.

1890 நவம்பரில் ஜோதிராவ் மறைந்தார். ஐம்பது ஆண்டுத் துணை அன்றோடு அற்றது. வளர்ப்பு மகன் இறுதிக்கடன் செய்வதற்கு உறவினர் தடை கூறியபோது, சாவித்திரிபாயே தீச்சட்டி ஏந்தி முன்னே நடந்து சிதைக்குத் தீ மூட்டினார். பெண்கள் சுடுகாட்டுக்குச் செல்வதே வழக்கமில்லாத காலம் அது. அதன்பின் தம் துயரோடு வீட்டுக்குள் ஒடுங்கியிருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார். அவரோ கணவர் நிறுவிய சத்தியசோதக் சமாஜத்தின் பணிகளைத் தாமே முன்னின்று நடத்தினார். 1893இல் சாஸ்வடு ஊரில் நடந்த அதன் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார்.

கொள்ளைநோய் வந்தபோது அவரிடம் மருத்துவப் பட்டமோ அரசுப் பதவியோ இல்லை. 1897 பிப்ரவரியில் அரசு கொள்ளைநோய்ச் சட்டத்தை இயற்றியது. சோதனைகளுக்கும் நோயாளிகளைப் பிரித்துவைப்பதற்கும் அதிகாரிகள் அதிகாரம் பெற்றனர். மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டவர் மீளார் என்று அஞ்சிய மக்கள் நோயையே மறைத்தனர். நோயை ஒழிக்கும் ஆணைகளைவிட, நம்பி ஒப்படைக்கத்தக்க ஓர் இடமே அவர்களுக்கு முதல் தேவையாயிற்று. இதனைச் சாவித்திரிபாய் உணர்ந்தார். இராணுவ மருத்துவப் பணியிலிருந்த யஷ்வந்தை வரவழைத்தார். நகருக்கு வெளியே ஹடப்சரை ஒட்டியிருந்த சசானே குடும்பத்தாரின் தோட்டத்தில், திறந்தவெளியில் மருத்துவ நிலையம் அமைந்தது.

மகன் மருத்துவம் பார்த்தார். தாய் நோயாளிகளைக் கொண்டுவந்து சேர்த்தார். தொற்றுக்கு அஞ்சி உற்றாரே விலகி நின்ற காலத்தில், பிறப்பின் பெயரால் முன்னரே விலக்கப்பட்டிருந்தவர்களின் நிலை எவ்வாறிருக்கும்? அவர்களைத் தீண்டுவதற்கு இரட்டைத் துணிவு வேண்டியிருந்தது. அத்துணிவுள் ஒன்றைச் சாவித்திரிபாய் அரை நூற்றாண்டுக்கு முன்பே பெற்றிருந்தார்.

முந்த்வா ஊருக்கு வெளியே மகர் குடியிருப்பில் பாண்டுரங்க் என்னும் சிறுவன் நோயுற்றுக் கிடப்பதாகச் செய்தி வந்தது. சாவித்திரிபாய் விரைந்து சென்றார். காய்ச்சலில் துவண்ட சிறுவனைத் தம் முதுகில் சுமந்து மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுவந்தார். சுமப்பவர்க்கு அந்நோய் எளிதில் தொற்றும் என்பதை அவர் அறியாதவரல்லர். அந்நிலையத்தில் நாள்தோறும் கண்டதுதான் அது.

சிறுவன் பிழைத்துக்கொண்டான். அவனிடமிருந்து நோய் சாவித்திரிபாயைப் பற்றியது. 1897 மார்ச் 10 அன்று அவர் உயிர் பிரிந்தது.

யஷ்வந்த் இராணுவப் பணிக்குத் திரும்பினார். 1905இல் புனேயில் பிளேக் மீண்டும் பரவியபோது, நோயாளிகளுக்கு மருத்துவம் பார்க்க அவர் அங்கே வந்தார். அவ்வாண்டு அக்டோபரில் அதே நோய்க்கு அவரும் இரையானார்.