தன் தொடையையே லேப் ஆக்கிய டாக்டர்!

பல் செட் செய்யும் அக்ரிலிக்கை இடுப்பெலும்புக்குள் வைத்தால் என்ன? 1950-களின் இறுதியில் அதைச் செய்தே காட்டியவர் ஜான் சார்ன்லி. 1911-ல் இங்கிலாந்தின் பரி நகரில் பிறந்த எலும்பு டாக்டர். மான்செஸ்டரில் பல் மருத்துவப் பொருள்களை ஆராய்ந்த டென்னிஸ் ஸ்மித் கைகாட்டிய பொருள் அது.

தேய்ந்த இடுப்பு மூட்டை எடுத்துட்டு செயற்கை மூட்டு வைக்கணும். அது எலும்புக்குள்ள ஆடவே கூடாது. அதுக்குத்தான் இந்த சிமென்ட். பசை மாதிரி ஒட்டாது. மாவு பதத்துல உள்ளே போய், இடைவெளியை நிரப்பி, சில நிமிஷத்துல இறுகிடும்.

சிமென்ட் ஜெயிச்சது. சறுக்கினது டெஃப்லான்ல! மூட்டின் கிண்ணத்தை அதில்தான் செய்திருந்தார். சுமார் 300 பேருக்குப் பொருத்தியாச்சு. சில வருஷத்திலேயே கிண்ணம் தேய்ந்து, உதிர்ந்த துகள்கள் சுற்றியிருந்த திசுவைக் கெடுத்தன. சார்ன்லி மறைக்கவில்லை. தன் கையாலேயே மறுபடி ஆபரேஷன் செய்தார்.

அடுத்து வந்தது பாலிஎத்திலீன். அதுல அவருக்கு நம்பிக்கையே இல்லை. அவர் வெளிநாடு போயிருந்தப்போ, லேப் டெக்னீஷியன் ஹாரி கிரேவன் சோதித்துப் பார்த்தார். தேய்மானம் ரொம்பக் கம்மி! 1962 நவம்பரில் அதைப் பொருத்த ஆரம்பித்தார் சார்ன்லி. இரண்டு பிளாஸ்டிக்கையும் தன் தொடைக்குள்ளும் வைத்துக்கொண்டார். டெஃப்லான் கட்டியாக வீங்கியது. பாலிஎத்திலீன் சாதுவாக இருந்தது.

1977-ல் சர் பட்டம் பெற்றவர், 1982-ல் மறைந்தார்.

எலும்பு மெலிந்த முதியவர்களுக்குக் கீழே விழாமலேயே இடுப்பெலும்பில் விரிசல் விழுவதுண்டு. இன்னிக்கு ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கிட்டே, ஊசி வழியா அந்த விரிசலுக்குள் டாக்டர்கள் செலுத்துவதும் அதே அக்ரிலிக் சிமென்ட்தான்!