எழுத்தை ஓவியமாக்கிய பணிக்கர்

கோயம்புத்தூர் என்றால் பஞ்சாலையும் பம்பு செட்டும் நினைவுக்கு வரும். ஓவியம் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. ஆயினும் தென்னாட்டு நவீன ஓவியத்திற்கு வழிவகுத்த கே. சி. எஸ். பணிக்கர், 1911-ஆம் ஆண்டு மே மாதம் நம் கோவையிலேதான் பிறந்தார். மலையாளக் குடும்பம். இளமையில் பொன்னானிப் பக்கத்துக் கால்வாய்களையும் தென்னந்தோப்புகளையும் நீர்வண்ணத்தில் தீட்டிப் பழகினார். குடும்பச் சூழ்நிலையால் கல்லூரிப் படிப்பை விட்டுத் தந்தி இலாகாவில் சில காலம் ஊழியம் பார்த்தார். 1936-இல், இருபத்தைந்தாம் வயதில், வேலையை உதறிவிட்டுச் சென்னை அரசு ஓவியப் பள்ளியில் மாணவராய்ச் சேர்ந்தார். அப்போது அங்கே முதல்வர் தேவிபிரசாத் ராய் சௌதுரி. பின்னர் அதே பள்ளியில் ஆசிரியராகி, 1957-இல் முதல்வரும் ஆனார்.

இயற்கைக் காட்சிகளை அப்படியே தீட்டியிருந்தால் புகழுக்குக் குறைவிருந்திராது. ஆனால் 1954-இல் ஐரோப்பா சென்று மேல்நாட்டு நவீன ஓவியங்களை நேரில் கண்ட பின், அவர்கள் வழியைப் பின்பற்றுவதா, நமக்கென ஒரு வழி காண்பதா என்ற கேள்வி அவரை விடவில்லை.

விடை வந்த இடம் வேடிக்கையானது. கணக்கு மாணவர் ஒருவரின் நோட்டுப் புத்தகப் பக்கம்! சமன்பாடுகளும் வடிவக் கோடுகளும் நெருங்கிக் கிடந்த அந்தப் பக்கம் அவர் கண்ணுக்குப் படமாகவே தெரிந்தது. (கணித வகுப்பினராகிய எங்கள் நோட்டுகளைக் கண்டால் பேராசிரியர்களுக்குக் கோபம்தான் வருகிறது.) 1963-இல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் ஓவிய வரிசை தொடங்கியது. முதலில் எண்களும் ரோமன் எழுத்துகளும் வந்தன. பிறகு மலையாள எழுத்துப் போன்ற வரிகள், ராசிக் கட்டங்கள், சின்னஞ்சிறு உருவங்கள். அந்த வரிகளைப் பெரும்பாலும் படித்துப் பொருள் கொள்ள இயலாது. ஏடும் ஜாதகமும் பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கோ அவை அந்நியமாய்த் தோன்றுவதில்லை. ஐம்பது வயதைக் கடந்தவர், கைவந்த பாணியைத் துறந்து இப்படிப் புதிதாய்த் தொடங்கியதுதான் எனக்குப் பெரும் வியப்பு.

இன்னொரு கவலையும் அவருக்கு இருந்தது. பட்டயம் பெற்று வெளியேறும் மாணவன் எதைக் கொண்டு பிழைப்பான்? படம் விற்காது, விளம்பர நிறுவனத்திற்குப் போனால் தூரிகை அவனுடையதாய் இராது. கலைக் கல்லூரி மாணவர்களாகிய நமக்கும் இக்கேள்வி புதியதன்று. பணிக்கர் உபதேசம் செய்து அனுப்பிவிடவில்லை. பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்கச் செய்தார். அவ்வருவாயைக் கொண்டு 1966-இல் ஈஞ்சம்பாக்கத்துக் கடலோர மணலில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. சுல்தான் அலி, ஹரிதாசன், வாசுதேவ் உள்ளிட்ட முப்பதுக்கும் மேற்பட்டோர் அம்முயற்சியில் சேர்ந்தனர். கைவினை வயிற்றுக்கு, ஓவியம் மனத்திற்கு. 1967-இல் ஓய்வு பெற்றதும் பணிக்கரும் அக்கிராமத்திலேயே குடியேறினார்.

1976-இல் லலித் கலா அகாதெமி தன் உயரிய உறுப்பினர் சிறப்பை அளித்தது. மறு ஜனவரியில் அவர் காலமானார். சோழமண்டலம் இன்றும் இருக்கிறது. மாமல்லபுரம் செல்லும் சாலையிலேதான். அடுத்த கல்விச் சுற்றுலாவில் பேருந்தை அங்கே ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லி, கணிதத் துறையின் சார்பில் இப்போதே விண்ணப்பம் செய்து கொள்கிறேன்.