கழிநாட்டுப் புலவர் நத்தத்தனார்

புதுச்சேரிக்கு வடக்கே, கடற்கரைச் சாலையில் மரக்காணத்தை நெருங்கும்போது இருபுறமும் உப்புப் பாத்திகள் விரிகின்றன. மேற்கே கழுவேலி ஏரி. கிழக்கே வங்கக் கடல். இரண்டையும் இணைக்கும் எடையந்திட்டுக் கழிமுகம். வடக்கே சற்றுத் தொலைவில், கடலுக்கும் கழிக்கும் இடைப்பட்ட நிலமாகையால் இடைக்கழிநாடு என்று பெயர் பெற்ற பகுதி இருக்கிறது. சங்க இலக்கியத்தின் பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையைப் பாடிய புலவர் இந்த மண்ணின் மகன். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் என்று ஊரையும் நாட்டையும் சேர்த்தே தமிழ் அவரை நினைவில் வைத்திருக்கிறது.

தத்தனார் என்னும் பெயரின் முன்னே சிறப்புப் பொருள் தரும் நகரம் சேர்ந்து நத்தத்தனார் ஆயிற்று. நக்கீரர், நப்பூதனார் ஆகிய பெயர்களும் அவ்வாறு அமைந்தவையே. அவருடைய பிறப்பையோ மறைவையோ எந்த ஏடும் ஆண்டு குறித்து வைக்கவில்லை. அவர் எதைக் கண்டு வளர்ந்தார், எதற்காக வருந்தினார், எந்த மண்ணைப் போற்றினார் என்பதற்கெல்லாம் அவர் பாடிய 269 அடிகளே சான்று. கடையெழு வள்ளல்களை மறைந்துபோன பழையோராக அவர் பேசுவதால், சங்க காலத்தின் பிற்பகுதியில் வாழ்ந்தவர் என்று அறிஞர் கருதுவர்.

அவரை ஆதரித்தவன் ஓய்மாநாட்டை ஆண்ட ஓவியர் குடித் தலைவன் நல்லியக்கோடன். புறத்திணை நன்னாகனாரும் புறநானூற்றின் 176ஆம் பாட்டில் இவனைப் பாடியுள்ளார். மூவேந்தரோடு ஒப்பிட்டால் சிறிய நிலத்துக்குரியவன். ஆயினும் நத்தத்தனார் வஞ்சி, மதுரை, உறந்தை என்னும் மூன்று தலைநகரங்களையும் வரிசையாக நிறுத்தி, அவற்றின் வளத்தை மனமாரப் பாடிவிட்டு, இவன் தரும் பரிசிலுக்கு முன் அவையும் வறியனவே என்று முடிக்கிறார். ஏழு வள்ளல்கள் சேர்ந்து சுமந்த கொடை என்னும் நுகத்தை இவன் ஒருவனே தாங்குகிறான் என்பது அவர் கருத்து. பேரரசுகளின் புகழைத் தம் கழிக்கரை நாட்டின் பக்கம் திருப்பிய துணிவு இது.

இந்நூலில் பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், வறுமையோடு வரும் மற்றொரு பாணனுக்கு வழி கூறுகிறான். வேனிற் காலத்துக் கதிரவன் காயும் பாலை வழியில், மராமரத்தின் வரிவரியான நிழலில் வந்தவர் இளைப்பாறுகின்றனர். அங்கிருந்து தொடங்கும் வழி நெய்தல், முல்லை, மருதம் என்று நிலந்தோறும் மாறிச் செல்கிறது. முதலில் வருவது மதிலின் பெயரைத் தாங்கிய பட்டினம். எயில் என்றால் மதில், ஆகவே எயிற்பட்டினம். இன்றைய மரக்காணமே அது என்பது ஆய்வாளர் பலரின் முடிபு. கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமியின் கடற்பயணக் குறிப்பில் வரும் சோபட்மா துறையும் இதுவே என்று கருதுவோர் உளர். அடுத்து வரும் வேலூரை உப்புவேலூர் என்றும், ஆமூரை நல்லாமூர் என்றும் கொள்வர். கிடங்கில் இன்று திண்டிவனம் நகருக்குள் அடங்கிய கிடங்கல். இந்நூலைக் கையில் வைத்துக்கொண்டு இன்றும் அவ்வழியே நடக்கலாம்.

கடற்கரையைப் பாடும்போது அவர் கண் கூர்மையடைகிறது. தாழம்பூ அன்னமாகத் தோன்றுகிறது. செருந்தி பொன்னோ என மயக்குகிறது. முள்ளி நீலமணியாகவும் புன்னையின் அரும்பு முத்தாகவும் தெரிகின்றன. அலைகள் கரை சேர்த்த அகில் மரம், உறங்கும் ஒட்டகத்தைப் போலக் கிடக்கிறது. வேற்று நாட்டுப் பண்டமும் விலங்கும் வந்திறங்கும் துறையருகே வாழ்ந்தவருக்கே இவ்வுவமை எளிதில் தோன்றும். அந்த மணமரத்தை நுளைமகள் விறகாக எரித்துக் கள் அடுகிறாள். கரும்புகையோடு செந்தீ எழுகிறது. அரண்மனையில் நறும்புகைக்கு உதவும் அகில் இங்கே பரதவர் அடுப்பில் எரிகிறது. வருகின்ற பாணனுக்கு அந்தக் கள்ளும் சுட்ட குழல்மீனும் கிடைக்கின்றன. வேலூரில் எயிற்றியர் புளிச்சோறும் ஆமான் சூடும் தருகின்றனர். ஆமூரில் உழவர் மனையில் வெண்சோறும் நண்டுக் கலவையும் கிடைக்கின்றன. அரசன் வாயிலை அடையுமுன்பே எளிய மக்கள் மூன்று இடங்களில் பசியாற்றி விடுகின்றனர்.

காடு எரிந்த கதையும் இப்பாட்டில் ஒரு தொடரளவில் வருகிறது. நல்லியக்கோடனின் விருந்து வீமனின் சமையல் நூல் வழியில் ஆக்கப்பட்டது என்று கூற வந்த புலவர், வீமனைக் காண்டவ வனத்தை நெருப்புக்கு இரையாக்கிய அருச்சுனனின் அண்ணன் என்று அடையாளம் காட்டுகிறார். தம்பியிடம் காட்டை அழித்த தீ. அண்ணனிடம் உணவை ஆக்கும் தீ. இரண்டையும் அடுத்தடுத்து வைத்த அவர், உணவின் பக்கமே நிற்கிறார். நல்லியக்கோடன் பொற்கலத்தில் உணவிட்டு, தானே அருகில் நின்று ஊட்டுகிறான். பரிசிலை அன்றே கொடுத்து அனுப்புகிறான்.

ஆயினும் இந்நூலைப் படித்தவர் மறக்க இயலாதது பாணனின் பழைய அடுக்களைதான். அங்கே அண்மையில் ஈன்ற நாய், கண் திறவாத குட்டிகள் பாலில்லாத மடியைப் பற்றுவதைப் பொறுக்காமல் குரைக்கிறது. சிதல் அரித்த சுவரடியில் காளான் பூத்திருக்கிறது. பசியால் மெலிந்த பாணன் மனைவி குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பிறர் கண்டால் நாணம் என்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள். கொற்கையைப் பாடும் இடத்தில், உமணர் வண்டியோடு வந்த மந்தி அவர்தம் சிறுவரோடு கிலுகிலுப்பை ஆடுவதை மகிழ்ந்து வரைந்தவரே இவர். உப்பு வண்டிகளை நன்கறிந்த அந்தக் கழிநாட்டுப் புலவர், வறுமையின் எல்லையைக் காட்ட உப்பில்லாத கீரையைத் தேர்ந்தார். உண்பதற்கு உப்பும் இல்லை. உண்பதைப் பிறர் காணத் தாங்கவும் இயலவில்லை. நல்லியக்கோடனின் அடையா வாயில் பாட்டில் வரும்போது, அடைத்த அந்தக் கதவே நினைவுக்கு வருகிறது.

ஏட்டுச்சுவடிகளில் இருந்த இப்பாட்டை, நச்சினார்க்கினியர் உரையுடன் பத்துப்பாட்டுள் ஒன்றாக 1889இல் அச்சேற்றியவர் உ.வே. சாமிநாதையர். ஜே.வி. செல்லையா ஆங்கிலத்தில் பெயர்த்த பத்துப்பாட்டு 1946இல் இலங்கையில் வெளிவந்தது.

கழுவேலி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழை வந்ததும் மரக்காணத்து உப்பளங்களில் நீர் நிறைகிறது; உப்பு வாரும் தொழிலாளர் வேலையின்றி அடுத்த வெயிலுக்குக் காத்திருக்கின்றனர். அம்மாதங்களில் அவர்கள் வீட்டு அடுப்பை எண்ணிப் பார்ப்பவருக்கு நத்தத்தனார் பழையவராகத் தோன்றமாட்டார். இக்கரையோரப் பள்ளிகளில் சிறுபாணாற்றுப்படையை அதன் ஊர்ப்பெயர்களிலிருந்து தொடங்கிக் கற்பிப்பது, மண்ணின் பெயரையே தம் பெயராகக் கொண்ட அப்புலவருக்குத் தகுந்த நினைவாக அமையும்.