நாடகத் தலைமையாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள்

திருவிழாவில் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணம் நாடகத்தைச் சிலர் பார்த்திருப்பீங்க. பார்க்காதவங்களும் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீங்க. அந்த நாடகத்தை எழுதியவர் சங்கரதாஸ் சுவாமிகள். எழுதினதோடு நிற்கவில்லை. நம்ம வயசுப் பையன்களையும், நம்மைவிடச் சின்னப் பையன்களையும் சேர்த்து வைத்து நடிப்புச் சொல்லிக் கொடுத்தவர். அதனால்தான் அவரை நாடகத் தலைமையாசிரியர் என்கிறார்கள்.

தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867 செப்டம்பர் 7-ல் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் சங்கரன். முதலில் அப்பாவிடமும், பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடமும் தமிழ் படித்தார். உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. மாசம் பிறந்தால் சம்பளம். ஆனால் 24 வயதில் அதை விட்டுவிட்டு நாடகத்துக்குப் போய்விட்டார்!

நல்ல உடம்பு, பெரிய குரல். அதனால் இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் மாதிரி வேஷங்கள்தான் வந்தன. ஒருமுறை சாவித்திரி நாடகத்தில் இவர் எமனாக வந்து கர்ஜித்ததைப் பார்த்து, கூட்டத்தில் இருந்த ஒரு கர்ப்பிணிப் பெண் பயந்துபோய் அவருக்குக் கரு கலைந்துவிட்டது என்று சொல்வார்கள். சுவாமிகள் மனசு உடைஞ்சு போச்சு. நன்றாக நடித்ததற்காக ஒருவர் நடிப்பையே விட்டது வேறு எங்கேயாவது உண்டா, தெரியவில்லை. வேஷம் கட்டுவதை நிறுத்திவிட்டு நாடகம் எழுதவும் கற்றுக் கொடுக்கவும் ஆரம்பித்தார்.

நடுவில் கொஞ்ச காலம் துறவி மாதிரி ஊர் ஊராகக் கோயில்களுக்குப் போனார். புதுக்கோட்டையில் கஞ்சிரா வித்வான் மான்பூண்டியா பிள்ளை இவரைத் தன் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டார். தாளத்திலும் சந்தத்திலும் சுவாமிகளுக்கு இருந்த பிடிப்பு அங்கே இன்னும் கூடியது.

அந்தக் காலத்துப் பெரிய நடிகர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. எழுதின வசனத்தை விட்டுவிட்டு மேடையிலேயே ஒருத்தரை ஒருத்தர் மடக்கிப் போட்டி போடுவார்கள். கதை ஒரு பக்கம் போகும், இவர்கள் ஒரு பக்கம் போவார்கள். சிலர் சொன்ன நேரத்துக்கு வரவே மாட்டார்கள். பார்த்தார் சுவாமிகள். பையன்களைப் பழக்கினால் என்ன என்று நினைத்தார். 1910-ல் சமரச சன்மார்க்க நாடக சபை தொடங்கினார். எஸ்.ஜி.கிட்டப்பா அதில் இருந்தவர்தான். அப்புறம் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. இது முழுக்கச் சிறுவர்கள் சபை. ஸ்திரீபார்ட் நடிகர் கண்ணுசாமிப் பிள்ளை தன் பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து சேர்த்தார். அதில் சண்முகத்துக்கு அப்போது 6 வயசு. நம்ம ஒண்ணாங்கிளாஸ்!

அப்போது மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒவ்வொரு எழுத்தும் கேட்க வேண்டும். (நம்ம ஆண்டு விழாவில் மைக் நின்றுபோனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்க.) அதனால் முதல் பாடமே உச்சரிப்பு. வாத்தியார் சொல்ல, பையன்கள் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்ய வேண்டும். ல, ள, ழ பிசகக் கூடாது. ஆர்மோனியத்தோடு சுருதி சேர்த்துப் பாட்டு, தாளம் தப்பாத நடை, அதற்குப் பிறகுதான் வேஷம். பெண் வேஷமும் பையன்கள்தான் போட்டார்கள். சண்முகத்துக்காகச் சுவாமிகள் அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே ராத்திரியில் எழுதி முடித்தாராம்.

இதில் கஷ்டமும் உண்டு. பையன்கள் வீட்டை விட்டுக் கம்பெனியோடு ஊர் ஊராகப் போனார்கள். அவர்களுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, ஒத்திகைதான் பள்ளிக்கூடம். 13, 14 வயசில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் ராஜபார்ட் பாடினவனும் ஓரத்தில் நிற்க வேண்டியதுதான். பாட்டு போன பையன் வேறு எங்கே போவான்? படிப்பும் கையில் இல்லையே. சுவாமிகளிடம் கற்ற தமிழ் சண்முகத்துக்குக் கடைசி வரை கைகொடுத்தது. எல்லாருக்கும் அப்படி அமைந்ததா என்றால், இல்லை.

இந்த மாதிரி பாய்ஸ் கம்பெனிகள் பிறகு நிறைய வந்தன. நம்ம அரியமங்கலத்துக்குப் பக்கத்துச் சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்த சிவாஜி கணேசனும் சின்ன வயசில் வீட்டை விட்டு அப்படி ஒரு கம்பெனியில் சேர்ந்தவர்தான்.

கடைசி காலத்தில் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. பேச்சுப் போய்விட்டது. எமனாகக் கர்ஜித்த குரல் அது. அப்படியும் அவர் பையன்களை விட்டுப் போகவில்லை, கம்பெனியோடுதான் இருந்தார். தான் எழுதினதைப் பையன்கள் பேசக் கேட்டுக்கொண்டிருப்பார். பாண்டிச்சேரியில் 1922 நவம்பர் 13-ல் காலமானார். அப்போது சண்முகத்துக்கு 10 வயசு.

1925-ல் சண்முகமும் அவர் சகோதரர்களும் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபை என்று சொந்தமாகத் தொடங்கினார்கள். அவர்கள்தான் டி.கே.எஸ். சகோதரர்கள். ஔவையார் வேஷம் போட்டுப் புகழ்பெற்ற சண்முகம், பின்னாளில் தன் வாத்தியாரைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதினார். புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் சுவாமிகளின் சமாதி இருக்கிறது. நவம்பர் 13 அன்று நாடகக் கலைஞர்கள் அங்கே போய் மாலை போட்டு, அவருடைய பாட்டையே பாடுகிறார்கள்.