மண்ணைப் பொன்னாக்கிய குயவர்

(மூன்றாம் ஆண்டு, பீங்கான் தொழில்நுட்பப் பிரிவு)



மலருக்குக் கட்டுரை எழுத வேண்டும் என்றதும் மெக்கானிக்கல் நண்பர்கள் ஜேம்ஸ் வாட்டை எடுத்துக்கொள்வார்கள். எலக்ட்ரிகல் நண்பர்களுக்கு எடிசன் இருக்கிறார். பீங்கான் பிரிவுக்கு யாரப்பா இருக்கிறார் என்று கேலி செய்பவர்களுக்காகவே நான் ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன். ஒன்பது வயதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர், ஒரு காலை இழந்தவர், அப்படியிருந்தும் லண்டன் ராயல் சொசைட்டியில் விஞ்ஞானிகளோடு சமமாக உட்கார்ந்தவர். அவர்தான் ஜோசியா வெட்ஜ்வுட்!

இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷையர் பகுதியில் பர்ஸ்லெம் என்று ஓர் ஊர். களிமண்ணும் நிலக்கரியும் பக்கத்திலேயே கிடைத்ததால் அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் சூளைதான். தலைமுறை தலைமுறையாகப் பானை வனைந்த ஒரு குடும்பத்தின் கடைக்குட்டியாக 1730-ல் பிறந்தார் வெட்ஜ்வுட். 1739-ல் அப்பா இறந்துபோனார். படிப்பு அத்தோடு சரி. அண்ணன் பட்டறையில் வேலைக்கு உட்கார்ந்தார்.

கொஞ்ச நாளில் பெரியம்மை வந்தது. உயிர் பிழைத்தது, ஆனால் வலது முழங்கால் கெட்டுப்போனது. அந்தக் காலத்துச் சக்கரத்தைக் காலால் உதைத்துத்தான் சுற்ற வேண்டும். முழங்கால் ஒத்துழைக்காத குயவன் என்ன செய்வான்? அச்சு எடுப்பது, மண் கலப்பது, கிளேஸ் தயாரிப்பது என்று அவர் கவனம் வேறு பக்கம் திரும்பியது. 1744 முதல் ஐந்து வருஷம் அண்ணனிடமே தொழில் பழகினார். ஆனால் அண்ணன் அவரைப் பங்குதாரராகச் சேர்த்துக்கொள்ளவில்லை.

நம்ம பிரிவில் இல்லாத நண்பர்களுக்காக இங்கே ஒரு பாரா. களிமண்ணை முதலில் நன்றாகப் பிசைய வேண்டும். காற்றும் ஈரமும் உள்ளே சிக்கிக்கொண்டால் சூளையில் பாத்திரம் வெடிக்கும். தோல் மாதிரி பாதி காய்ந்த பதத்தில்தான் கைப்பிடி ஒட்டலாம். அதற்குப் பசை, அதே மண்ணைத் தண்ணீரில் கரைத்த கூழ். அதைத்தான் ஸ்லிப் என்கிறோம். முதல் தடவை சுட்டு எடுத்தால் அது பிஸ்கட். அதன்மேல் கிளேஸில் தோய்த்து மறுபடி சுட்டால் பூச்சு உருகிக் கண்ணாடியாகப் படியும். ஆறும்போது மண்ணும் கிளேஸும் ஒத்துச் சுருங்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் மேலே வலை வலையாக விரிசல் விழும். எந்த மண்ணுக்கு எந்த கிளேஸ், எவ்வளவு சூடு என்பதுதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி.

அந்த உயிர்நாடியைப் பிடிக்கத்தான் வெட்ஜ்வுட் வாழ்நாள் முழுக்க உழைத்தார். 1754-ல் தாமஸ் வீல்டன் என்ற பெரிய குயவரோடு கூட்டுச் சேர்ந்தார். அங்கே இருக்கும்போதே, 1759-ல், சோதனைகளுக்காகத் தனியாக ஒரு நோட்டுப் போட்டார். ஒவ்வொரு கலவைக்கும் ஓர் எண். சின்னத் துண்டாகச் செய்து, எண் போட்டு, சுட்டு, கிடைத்த பலனை எழுதி வைத்தார். பிறர் திருடாமல் இருக்கச் சங்கேதக் குறிகளில் எழுதினார். அதே வருஷம் பர்ஸ்லெமில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார்.

வெளிர் நிறக் களிமண்ணோடு, சுட்டுப் பொடித்த சிக்கிமுக்கிக் கல்லைச் சேர்த்துச் செய்யும் பாலாடை நிறப் பாத்திரத்தை அவர் மேலும் மேலும் சீர்செய்தார். 1765-ல் ராணி சார்லட்டுக்கு ஒரு தேநீர் செட் செய்து கொடுத்தார். அதிலிருந்து அதற்குக் குயின்ஸ் வேர் என்றே பெயர் வந்துவிட்டது. சாதாரண மண் பாத்திரம் நடுத்தர வீடுகளின் மேஜைக்கு மட்டுமல்ல, அரண்மனைக்கும் போனது!

ஆனால் பர்ஸ்லெம் சாலைகள் படுமோசம். குதிரை முதுகில் ஏற்றினால் போகிற வழியிலேயே சரக்கு உடையும். இதற்காக டிரென்ட், மெர்சி நதிகளை இணைக்கும் கால்வாய்க்கு முன்னின்று பாடுபட்டார். 1766-ல் முதல் மண்ணை வெட்டியவரும் அவரே. கால்வாய் 1777-ல் முடிந்தது. அதன் கரையில் 1769-ல் நண்பர் தாமஸ் பென்ட்லியோடு சேர்ந்து எட்ரூரியா தொழிற்சாலையைத் திறந்தார். அதற்கு முந்தின வருஷம்தான் அந்த வலது காலை வெட்டி எடுத்திருந்தார்கள். மயக்க மருந்து கண்டுபிடிக்காத காலம் அது, நினைத்துப் பாருங்கள்! பிறகு மரக்கால்தான். சரியில்லாத பாத்திரத்தைக் கண்டால் அந்த மரக்காலாலேயே உடைத்துப் போடுவார் என்று ஒரு கதை உலவுகிறது.

1774-ல் ரஷ்யப் பேரரசி கேத்தரினுக்காக 952 உருப்படிகள் கொண்ட விருந்துப் பாத்திரத் தொகுதியை முடித்துக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பச்சைத் தவளைச் சின்னம். அரண்மனை கட்டிய இடம் தவளைச் சதுப்பு நிலமாம்! அதே சமயத்தில் ஆயிரக்கணக்கான சோதனைகளுக்குப் பிறகு ஜாஸ்பர் என்ற புது மண் கலவையைக் கண்டுபிடித்தார். பேரியம் சல்பேட் சேர்ந்த இதற்கு கிளேஸே தேவையில்லை. உலோக ஆக்ஸைடு கலந்தால் உடம்பு முழுக்க நிறம் ஏறும், நீலத்துக்கு கோபால்ட். அதன்மேல் அச்சில் எடுத்த வெள்ளைச் சிற்பங்களை ஒட்டிச் சுட்டார்.

எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய பைரோமீட்டர்தான். காரணம் சொல்கிறேன். என் அப்பா செங்கல் சூளையில் வேலை செய்பவர். எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். சூளை வெந்துவிட்டதா என்பதை அப்பா நெருப்பின் நிறத்தை வைத்தே சொல்லிவிடுவார். எப்படி என்று கேட்டால், பார்த்தா தெரியும் என்பதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியாது. வெட்ஜ்வுட் காலத்து சூளைக்காரர்களும் இப்படித்தான். ஆள் போனால் அந்தக் கண்ணும் கூடவே போய்விடும்.

வெட்ஜ்வுட் யோசித்தார். சூடு ஏற ஏறக் களிமண் சுருங்குகிறதே, அந்தச் சுருக்கத்தை அளந்தால் என்ன? ஒரே அளவில் செய்த சின்னக் களிமண் துண்டுகளைச் சூளையில் வைத்தார். எடுத்து ஆறவைத்து, போகப் போகக் குறுகும் ஒரு பித்தளைப் பள்ளத்தில் தள்ளினார். அதிகம் சுருங்கிய துண்டு அதிக தூரம் போகும். அது நிற்கும் இடத்தில் உள்ள எண்தான் சூட்டின் அளவு! இதை 1782-ல் வெளியிட்டார். 1783-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். அந்த எண்களை அவர் ஃபாரன்ஹீட்டாக மாற்றிச் சொன்னது உண்மையைவிட மிக அதிகம் என்று பின்னால் தெரிந்தது. ஆனாலும், கண் பார்த்ததை எண்ணாக்கி எல்லோருக்கும் பொதுவாக்கினாரே, அதுதான் பெரிசு. சூட்டில் மண்ணுக்கு நேரும் மாற்றத்தை வைத்தே சூளையைக் கணிக்கும் இந்த வழியில்தான், 1886-ல் ஜெர்மனியில் ஸேகர் கூம்புகளும் வந்தன.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஓர் ஆளுக்கு ஒரே வேலை, மணியடித்தால் வேலை, தவறினால் அபராதம் என்று அவர் தொழிற்சாலை நடந்தது. தொழிலாளர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தார், உண்மை. ஆனால் முன்பு பானையை முதலிலிருந்து கடைசிவரை செய்த கை, இப்போது கைப்பிடி மட்டும் ஒட்டியது. அந்தக் கால கிளேஸில் ஈயம் இருந்தது. தோய்ப்பவர்கள் உடம்பில் ஈய நஞ்சு ஏறியது. கல் தூசி நுரையீரலைத் தின்றது. பளபளப்பான பாத்திரத்தைப் பார்க்கும்போது இதையும் நாம் மறக்கக் கூடாது.

1787-ல் தன் மண்ணை ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தினார். சங்கிலியால் கட்டப்பட்டு மண்டியிட்ட கறுப்பின அடிமையின் உருவத்தைப் பதக்கமாகச் செய்தார். வடித்தவர் அவரிடம் வேலை பார்த்த வில்லியம் ஹாக்வுட். விற்கவில்லை, இலவசமாகவே கொடுத்தார். அமெரிக்காவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்கும் அனுப்பினார். பெண்கள் அதை நகையாக அணிந்தார்கள். பிரிட்டன் அடிமை வணிகத்தை 1807-ல் ஒழித்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை. 1795 ஜனவரி 3-ல் காலமாகியிருந்தார். பரிணாமக் கொள்கை தந்த சார்லஸ் டார்வின் இவருடைய மகள் வயிற்றுப் பேரன் என்பது கூடுதல் செய்தி.

எட்ரூரியா தொழிற்சாலை 1950 வரை இயங்கியது. அவர் எண் போட்ட சோதனைத் துண்டுகள் இங்கிலாந்தில் பார்லஸ்டன் அருங்காட்சியகத்தில் தட்டுத் தட்டாக இருக்கின்றன. தோற்றுப்போன துண்டுகளையும் அவர் தூக்கி எறியவில்லை!

நண்பர்களே, ரெக்கார்டு நோட்டை மார்க்குக்காக மட்டும் எழுதாதீர்கள். லீவுக்கு ஊருக்குப் போனால் அப்பா, அம்மா, தாத்தா கைக்குத் தெரிந்த தொழிலைப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எவ்வளவு மண், எவ்வளவு தண்ணீர், எத்தனை மணி நேரம் என்று அளந்து, தேதி போட்டு எழுதி வையுங்கள். எழுதத் தெரிந்த முதல் தலைமுறை நாம். அது நம்ம கடமை!