பறவையறிஞர் சாலிம் அலி

தூக்கணாங்குருவியை அறியாத தமிழர் இரார். கிணற்றோரத்து ஈச்சமரத்திலும் பனையோலையிலும் அதன் கூடுகள் தொங்கக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். மழையில் நனைந்த குரங்குக்குப் புத்தி சொல்லப் போய்க் கூட்டையே இழந்த குருவியின் கதையையும் கேட்டிருக்கிறோம். ஆயினும் அக்கூட்டைக் கட்டுவது ஆணா பெண்ணா, கட்டிய பின் அங்கு நடப்பது என்ன என்று நம்மில் எத்தனை பேர் நின்று பார்த்தோம்? வேலையிழந்த ஒருவர் பார்த்தார். அவர்தாம் சாலிம் அலி.

1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். இளமையிலேயே தாய் தந்தையரை இழந்தவரைத் தாய்மாமன் அமீருதீன் தியாப்ஜி வளர்த்தார். மாமன் வேட்டைப் பிரியர். மருமகன் கைக்கும் ஒரு காற்றுத் துப்பாக்கி வந்து சேர்ந்தது. ஒருநாள் சிறுவன் சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. இன்ன குருவி என்று மாமனாலும் சொல்ல இயலவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்குச் செயலாளராயிருந்த மில்லார்டு என்னும் ஆங்கிலேயர் குருவியின் பெயரைச் சொன்னதோடு நில்லாமல், பதம் செய்து வைத்திருந்த பறவைகளையெல்லாம் எடுத்துக் காட்டினார். சிறுவன் வாழ்வுக்கு அன்றே வழி பிறந்தது.

கல்லூரிப் படிப்பு எளிதாக இல்லை, கணக்கு மிரட்டியது. பாதியில் விட்டுப் பர்மாவுக்குச் சென்று குடும்பத் தொழிலைக் கவனித்தார். அங்கும் தொழிலைவிடக் காட்டுப் பறவைகளே அவரை ஈர்த்தன. திரும்பி வந்து விலங்கியல் கற்றார். எனினும் பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. அதனால் இந்திய விலங்கியல் அளவைத் துறையில் பறவையியலார் பதவி கிட்டவில்லை. 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் விரிவுரையாளரானார். விடுப்பெடுத்துப் பெர்லின் சென்று ஸ்ட்ரெஸ்மான் என்னும் பேரறிஞரிடம் பயின்று 1930இல் திரும்பினார். பணமில்லை என்று அதற்குள் அப்பதவியையே நீக்கியிருந்தார்கள்.

பம்பாய்த் துறைமுகத்துக்கு அக்கரையில் கிஹிம் என்றொரு கடலோரச் சிற்றூர். மனைவி தெஹ்மினாவுடன் அங்கே குடியேறினார். வீட்டுக்கருகில் தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டின. நாள்தோறும் மறைந்திருந்து பார்த்தார், பார்த்ததை எழுதினார். கூட்டைப் பாதி வரை கட்டுவது ஆண். பெண் குருவிகள் வந்து உள்ளே புகுந்து சோதிக்கின்றன. பிடித்திருந்தால் ஒரு பெண் அங்கே தங்கிவிடுகிறது. ஆண் அக்கூட்டை முடித்துக் கொடுத்துவிட்டு, மற்றொரு பெண்ணுக்காக அடுத்த கூட்டைத் தொடங்குகிறது! இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாகத் துணை சேர்க்கும் வழக்கத்தை உலகுக்கு அவர் விளக்கினார். வேலையில்லாத நாட்களின் விளைவு இது.

பிறகு சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுக்கப் புறப்பட்டார். சம்பளம் வேண்டாம், பயணச் செலவும் கூடாரச் செலவும் போதும் என்பதே அவர் ஏற்பாடு. ஐதராபாத்தின் வறண்ட காடு, திருவிதாங்கூர் கொச்சியின் மழைக்காடு, கச்சின் உப்புவெளி என எங்கும் அலைந்தார். தெஹ்மினாவும் உடன் சென்று முகாம்களை நடத்தினார். 1939இல் ஓர் அறுவை சிகிச்சைக்குப்பின் அவர் மறைந்தார். சாலிம் அலி உடைந்து போனார். ஆனால் பணியை விடவில்லை. 1941இல் இந்தியப் பறவைகளைப் பற்றிய நூல் வந்தது. பின்னர் அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியுடன் எழுதிய பத்துத் தொகுதிகள் 1968 முதல் 1974 வரை வெளிவந்தன.

ஒன்றை மறைப்பதற்கில்லை. அக்காலத்தில் பறவையாராய்ச்சி துப்பாக்கியோடு நடந்தது. இனத்தைப் பிரித்தறியச் சுட்டுப் பதம் செய்தனர், அவரும் செய்தார். ஆனால் கணக்கில்லாமல் கொல்வதை அவர் ஏற்கவில்லை. பரத்பூர் ஏரியில் 1938இல் வைசிராய் லின்லித்கோ வந்த ஒரே நாளில் 4,273 பறவைகள் வீழ்ந்தன. அந்த ஏரியைக் காக்கப் பாடுபட்டவர்களில் முதன்மையானவர் சாலிம் அலி. 1982இல் அது தேசியப் பூங்காவாயிற்று. நண்பர் லோக் வான் தோ புகைப்படக் கருவியுடன் அவரோடு பல பயணங்கள் சென்றார். பரத்பூரிலும் நம் கோடிக்கரையிலும் கழகத்தார் பறவைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டுப் பறக்கவிட்டனர். துப்பாக்கியின்றியும் பறவையை அறியலாம் என்று தெளிந்தது.

1987இல் தொண்ணூறாம் வயதில் மறைந்தார். அவர் பெயரால் 1990இல் கோவையில் பறவையியல் ஆய்வு நிலையம் எழுந்தது. திருவிதாங்கூரில் அவர் தங்கிய இடங்களுக்கே 75 ஆண்டுகளுக்குப்பின் ஆய்வாளர் சென்று மீண்டும் கணக்கெடுத்தனர். அன்று அவர் நாளும் இடமும் எண்ணிக்கையும் எழுதி வைத்திராவிட்டால் எதனோடு ஒப்பிட்டிருப்பார்கள்?

பட்டமும் வேலையும் கிட்டுமோ என்ற கவலை நம் எல்லோர்க்கும் உண்டு. அக்கவலை அவருக்கும் இருந்தது. அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்தவர்கள் நாம். இங்கும் அதே தூக்கணாங்குருவி உண்டு. வரும் மழைக்காலத்தில் கூடு கண்டால், ஒரு படம் எடுத்துக்கொண்டு உடனே திரும்பிவிடாதீர்கள். சற்றுத் தள்ளி நின்று ஒரு மணி நேரம் பாருங்கள். எத்தனை கூடு, எத்தனை குருவி என்று நாளிட்டு எழுதி வையுங்கள். நமக்குப்பின் வருபவர்க்கு அது உதவும்.