மூணு வால்வு பத்தாதுன்னு ஆறு வச்ச ஆள்

சாக்ஸபோன்னு சொன்னதும் உங்களுக்கு கத்ரி கோபால்நாத் ஞாபகம் வந்திருப்பார். அந்த வாத்தியத்தோட பேருக்குள்ளயே இன்னொருத்தர் ஒளிஞ்சிருக்கார்: அடால்ஃப் சாக்ஸ். 1814-ல் பெல்ஜியத்தின் தினான் ஊரில் பிறந்தவர். அப்பாவும் வாத்தியம் செய்றவர்தான். சாக்ஸ் பாரிஸுக்குப் போனார், 1846-ல் சாக்ஸபோனுக்குக் காப்புரிமை வாங்கினார். இதெல்லாம் தேடினாலே கிடைக்கும்.

நான் சொல்ல வந்தது 1852-ல் அவர் காப்புரிமை எடுத்த வால்வு அமைப்பு பற்றி. என்னைக் கேட்டா, சாக்ஸபோனைவிட இதுதான் அழகான இன்ஜினியரிங்.

ட்ரம்பெட்டில் மூணு வால்வு. ஒன்றை அழுத்தினா காத்து கூடுதலா ஒரு குழாய்த்துண்டைச் சுத்திட்டு வரும், சுருதி இறங்கும். அரை ஸ்வரம் இறங்க, குழாய் நீளம் சுமார் 6 சதவீதம் கூடணும், முழு ஸ்வரத்துக்கு 12, ஒன்றரைக்கு 19. இப்போ முதல் வால்வையும் மூணாவதையும் சேர்த்து அழுத்துங்க. 12 கூட்டல் 19, 31 சதவீதம். ஆனா இரண்டரை ஸ்வரம் இறங்கத் தேவை 33-க்கும் மேல! முதல் வால்வு ஏற்கெனவே குழாயை நீட்டிடுச்சு. மூணாவது வால்வோட துண்டோ பழைய நீளத்துக்கு அளவெடுத்தது. குழாய் பத்தாது, சுருதி ஏறி அபஸ்வரமாகும்.

சாக்ஸ் என்ன பண்ணார் தெரியுமா? கூட்டலே வேண்டாம்னுட்டார். ஆறு வால்வு, ஒவ்வொன்றுக்கும் தனி நீளம். ஒரு நேரத்தில் ஒன்றுதான் அழுத்தணும். எதையும் அழுத்தாத நிலையையும் சேர்த்தா ஏழு நீளம். இழுத்து வாசிக்கிற டிராம்போனின் ஏழு நிலைகளும் வந்தாச்சு. அப்புறம் ஏழு நீளத்துக்கும் தனித்தனி வாய்ப்புனல் வச்சு ஒரு டிராம்போனே செய்தார். பார்த்தா ஏழு தலை நாகம் மாதிரி இருக்கும். கனமான வாத்தியம், விரல் பழக்கத்தையும் புதுசா கத்துக்கணும். பரவலா நிலைக்கலைன்னா ஆச்சரியமில்லை.

அதே 1852-ல்தான் மனுஷன் முதல் தடவை திவாலானார். போட்டி உற்பத்தியாளர்கள் காப்புரிமையை எதிர்த்து வருஷக்கணக்கா கோர்ட்டுக்கு இழுத்தாங்க. நடுவில் உதட்டில் புற்றுநோய் வந்து, 1859-ல் குணமாச்சு. 1873-ல் மறுபடி திவால். 1877-ல் மூணாவது தடவை. அந்த வருஷம், அவர் பார்த்துப் பார்த்துச் சேர்த்து வச்சிருந்த பழைய வாத்தியங்கள் எல்லாம் பாரிஸில் ஏலத்துக்குப் போச்சு.

1894-ல் பாரிஸிலேயே இறந்தார். அந்த ஏழு புனல் டிராம்போன் பிரஸ்ஸல்ஸ் இசைக்கருவி அருங்காட்சியகத்தில் இருக்கு.